யோஹெய் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை

செப்டம்பர் 3, செவ்வாய்

கோடை விடுமுறை முடிந்து இரண்டாவது நாள். வகுப்பில் நான்கு மின்விசிறியும் சுற்றுகின்றன, காற்றுதான் வரவில்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் மனதளவில் இன்னும் கடலில்தான் இருக்கிறார்கள். நானும்தான்.

என் நாலாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். இனாபா கோயுகி. தெற்கே ககோஷிமாவிலிருந்து வந்தவள். அப்பாவுக்கு இங்கே டொயாமா துறைமுகத்துக்கு மாற்றல். மொழிப்பாடத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். தெளிவாக வாசித்தாள். ஆனால் அந்த ஊர் இழுவை! ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் மேலே ஏறியது. டைகோ சிரித்தான். அவன் சிரித்தால் வரிசையே சிரிக்கும். முறைத்தேன், அடங்கினார்கள்.

பிறகு ‘முனகினான்’ என்றால் என்ன என்று கேட்டேன். கோயுகி கை தூக்கி எழுந்து, “அழுதான்” என்றாள். உடனே வகுப்பு முழுவதும் ஒரே குரலில்:

“அது இல்ல!”

இது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம். பதில் சரியென்றால் “சரி!” என்று கோரஸ், தப்பென்றால் “அது இல்ல!” என்று கோரஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழகிப்போனதால் யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை. கோயுகியின் பழைய பள்ளியில் இது கிடையாது போலிருக்கிறது. நின்றபடியே எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

நாளைக்குச் சரியாகிவிடும்.

செப்டம்பர் 13, வெள்ளி

சரியாகவில்லை. வாயே திறப்பதில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்கிறாள், புத்தகத்தைப் பார்க்கிறாள், உட்கார்கிறாள். நானும் அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

காலையில் பத்து நிமிடம் அகராதிப் பயிற்சி வைத்திருக்கிறேன். நான் ஒரு சொல் சொல்வேன், தேடிக் கண்டுபிடித்தவர்கள் கத்த வேண்டும். டைகோதான் முதலில் கத்துகிறான். ஆனால் இன்று பக்கத்தில் போய் நின்று கவனித்தேன். அவனுக்கு முன்பே கோயுகியின் விரல் அந்தச் சொல்லில் இருந்தது. சும்மா விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

காய்ச்சல் என்று கோயுகியை அழைத்துப்போக அவள் அம்மா வந்திருந்தார். மீன் அப்பம் செய்யும் கடையில் வேலை. அப்படியே ஏப்ரனோடு ஓடிவந்திருந்தார். வகுப்பில் பேசுவதில்லை என்று சொன்னேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

“எங்க கோயுகியா? வீட்டுல வாயை மூடுனா பண்டிகை மாதிரி கொண்டாடுவோம் சார்.”

அம்மாவுக்கும் அதே இழுவை.

செப்டம்பர் 27, வெள்ளி

வந்தது வினை. நவம்பர் மாதத்து ஆய்வு வகுப்பு எனக்கு. நான் ஒரு பாடவேளை நடத்த வேண்டும். மற்ற ஆசிரியர்களும் கல்வி அலுவலகத்து ஆலோசகரும் சுவரோரம் நின்று குறிப்பெடுப்பார்கள். முடிந்ததும் ஒரு அறையில் உட்கார வைத்து என்னை முள் எடுத்த மீன் மாதிரி பிரித்து வைப்பார்கள்.

இந்த வருஷம் இதற்குப் பொறுப்பு நொமொட்டோ டீச்சர், பக்கத்து வகுப்புக்காரர். “மொழிப்பாடம்தானே எடுக்கறீங்க? கவனிக்க வேண்டிய பிள்ளைன்னு திட்டத்துல ஒரு பேர் எழுதணும். யாரு?” என்று கேட்டார். வருபவர்களெல்லாம் அந்தப் பிள்ளையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

யோசிக்காமல் “இனாபா கோயுகி” என்றேன்.

“தைரியம்தான்” என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் நான் நன்றாக யோசித்துத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அவள் நவம்பருக்குள் பேச வேண்டும். ஒரே ஒரு பதில் போதும். இல்லையென்றால் இப்படியே ஆறாம் வகுப்பு வரை போய்விடுவாள்; அப்படிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சொல் பயிற்சி. கொடுத்த சொல்லை வைத்து ஒரு வாக்கியம், சின்னச் சீட்டில் எழுதிப் பின்சுவரில் ஒட்ட வேண்டும். இன்றைய சொற்கள் ‘தயக்கம்’, ‘இரக்கம்’.

டைகோ: “எங்கப்பா தயக்கத்தோடு மூன்றாவது பீரைத் திறந்தார்.” அவன் அம்மா பெற்றோர் தினத்துக்கு வரும்போது இதைப் படிக்கக் கூடாதே என்று கவலையாக இருக்கிறது.

கோயுகி: “யாராவது இரக்கப்பட்டுப் பென்சில் கொடுத்தால் எனக்கு அதில் எழுதவே பிடிக்காது.”

நல்ல வாக்கியம். ‘மிக நன்று’ என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு மையில் பூ வட்டம் போட்டுக் கொடுத்தேன், ஒட்டிவிட்டாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆய்வு வகுப்புக்கான கதையைத் தொடங்கியாயிற்று. பனி கொட்டும் மலைக்கிராமம். யோஹெய், கன்ஸுகே என்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். ஏதோ சண்டை, பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு குளிர்காலத்தில் யோஹெய் வாசலில் விழும் பனியைத் தினமும் விடிவதற்குள் யாரோ வாரி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தால் – கன்ஸுகே. மறுநாள் யோஹெய் தான் பனி வாரும் மண்வெட்டியின் பிடியில் புதுக் கயிறு சுற்றி, எடுத்துப்போய்க் கன்ஸுகே வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார். அவ்வளவுதான் கதை.

கேள்வி: யோஹெய் எந்த மனநிலையில் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்? ஆசிரியர் கையேடு சொல்லும் பதில்: நன்றி, சமாதானம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வேறு எப்படித் தோன்றும்?

நவம்பர் 6, புதன்

கோயுகிக்கு ஜுரம், வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று மற்றவர்களிடம் பேசினேன்.

“கோயுகி என்னைக்காவது பதில் சொன்னா, அது எதுவா இருந்தாலும் யாரும் ‘அது இல்ல’ன்னு சொல்லக் கூடாது. புரியுதா?”

வகுப்புத் தலைவி ரிட்சு, “புரியுது சார், நாங்க பாத்துக்கறோம்” என்றாள். டைகோ மட்டும், “தப்பா சொன்னாலுமா?” என்று கேட்டான்.

“தப்பா சொன்னாலும்.”

“அப்ப அவளுக்கு அது தப்புன்னு எப்படித் தெரியும்?”

நேரமாகிவிட்டது, கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 13, புதன்

நாளைக்கு. கரும்பலகையில் எதை எங்கே எழுதுவது என்று படம் போட்டாயிற்று. பிள்ளைகளின் பெயர் எழுதிய காந்த வில்லைகளையும் துடைத்து வைத்தேன். ஒரு பக்கம் ‘நன்றி’, மறுபக்கம் ‘கோபம்’. தங்கள் கருத்துப்படி அவரவர் வில்லையை ஒட்டுவார்கள். கோபம் பக்கம் இரண்டு மூன்று பேர் போவார்கள் (டைகோ கட்டாயம் போவான்), கதையின் வரிகளைக் காட்டி அவர்களை நன்றிக்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் திட்டம்.

மனைவி கனாயே என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, “அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள்.

“எது?”

“அவளைப் பாக்கத்தான் அத்தனை பேரும் வர்றாங்கன்னு.”

தெரியாது. தெரிந்தால் பயந்துவிடுவாள்.

நவம்பர் 14, வியாழன்

எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாதிப் பாடவேளை வரை திட்டம் வழுக்கிக்கொண்டு போனது. வாசித்தார்கள், சொற்களைத் தேடினார்கள், வரிகளுக்கு அடிக்கோடு போட்டார்கள். பிறகு வில்லைகளை ஒட்டச் சொன்னேன். எல்லாரும் நன்றிப் பக்கம். டைகோவும்! ஒரே ஒரு வில்லை கோபம் பக்கம் – கோயுகியுடையது. பின்னால் பேனாக்கள் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

“கோயுகி, ஏன்னு சொல்றியா?” என்றேன்.

எழுந்தாள்.

“யோஹெய்க்குக் கோபம். கேக்காமலே வந்து செஞ்சுட்டுப் போனா, அவரால ஒண்ணும் முடியாதுன்னு ஆயிடுதுல்ல? அதான் மண்வெட்டியைக் கொண்டுபோய், இந்தா, இதையும் நீயே வச்சுக்கன்னு சாத்திட்டு வர்றாரு. திரும்பிக்கூடப் பாக்கல. கடைசிப் பக்கத்துல இருக்கு.”

அத்தனையும் அந்த இழுவையோடு. யாரும் சிரிக்கவில்லை. பேசிவிட்டாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்த நொடியே “அது இல்ல!” என்று கூரை பறந்திருக்கும். ஒரு சத்தமும் இல்லை. டைகோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அப்போது ரிட்சு எழுந்து, “கோயுகி சொன்னதைக் கேட்டு என் கருத்து மாறிடுச்சு” என்று முன்னால் வந்து, தன் வில்லையை எடுத்துக் கோபம் பக்கம் ஒட்டினாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் வரிசை. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, கோயிலில் காசு போடுவது மாதிரி, வந்து மாற்றி ஒட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் டைகோ வந்தான். போதுமா சார் என்பது போல என்னைப் பார்த்துவிட்டு அவனும் ஒட்டினான். நன்றிப் பக்கம் காலி.

நான் ‘போய் உட்காருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

கோயுகி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

“பொய்.”

பலகையைக் கை காட்டினாள்.

“யாருமே அப்படி நினைக்கல. எல்லாருக்கும் ‘அது இல்ல’ன்னு சொல்றீங்க. டைகோவுக்குத் தினமும் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?”

நேராகப் பலகைக்கு வந்து தன் வில்லையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது. பலகையில் முடிவுரை எழுத விட்டிருந்த இடம் அப்படியே வெறுமையாக இருந்தது.

பிறகு கூட்டம். ஆலோசகர் ஹிராசே நான் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

“ஒரு பிள்ளையோட வாசிப்பு மொத்த வகுப்பையும் யோசிக்க வச்சு, கருத்தை மாத்த வச்சிருக்கு. அந்தப் பொண்ணு உணர்ச்சிவசப்பட்டுட்டா, அது சின்ன விஷயம். நான் பாத்த வகுப்புகள்ல இது...”

சும்மா தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆட்டவும் தொடங்கிவிட்டேன். நொமொட்டோ டீச்சர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் சொன்னேனா, இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

“இல்ல சார், அது இல்ல” என்றேன். “கோயுகி என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாதுன்னு நான்தான் பிள்ளைங்ககிட்டச் சொல்லியிருந்தேன். அவங்க யோசிச்சு மாத்தல. எனக்காக மாத்தினாங்க.”

துணைத் தலைமையாசிரியர் அவசரமாக எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். ஹிராசே குறிப்பேட்டில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார்.

செருப்பு மாற்றும் இடத்தில் நொமொட்டோ டீச்சர் பிடித்துக்கொண்டார். “இத்தனை பேரை நிறுத்தி அவ மூஞ்சியையே பாக்க வச்சீங்க. அது போதாதுன்னு மொத்த வகுப்பையும் அவளுக்குக் குடை பிடிக்க வச்சீங்க. நானா இருந்தா வில்லையை இல்ல, பலகையையே பிடுங்கியிருப்பேன்.”

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

முதல் பாடவேளையில் வகுப்புக்குச் சொன்னேன். மறுக்க வேண்டாம் என்று சொன்னது நான், அவர்கள் மேல் தப்பில்லை என்றேன். கோயுகி கை தூக்காமலே கேட்டாள்.

“எனக்கு ஜுரம் வந்த அன்னைக்கா?”

“ஆமா.”

“என்னைக் கேக்காமலா?”

“ஆமா. என் தப்புதான். மன்னிச்சிரு.”

குனிந்து வணங்கினேன். டைகோ குதித்தான்.

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன்! வாயைப் பொத்தினதுல கையே வலிச்சிச்சு. பாரு, இங்க கடிச்சுக்கிட்டேன்.”

கையை நீட்டிக் காட்டினான். கோயுகி பார்க்கவில்லை.

நவம்பர் 20, புதன்

இப்போது யாருமே யாருக்கும் “அது இல்ல” என்று சொல்வதில்லை. அகராதிப் பயிற்சியில் டைகோ ‘கஞ்சத்தனம்’ என்றால் கஞ்சி வைக்கும் குணம் என்றான். வழக்கமாக இருந்தால் கூரை பிய்ந்துகொண்டு போயிருக்கும். இன்று எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவனுக்கே அழுகை வந்துவிட்டது. “யாராவது ஏதாவது சொல்லுங்களேன்!”

வகுப்பே செத்துக் கிடக்கிறது. கோயுகி வாய் திறக்கவில்லை. பலகை ஓரத்தில் வில்லைகள் வரிசையாக இருக்கின்றன, அவளுடையது மட்டும் இல்லை. கேட்கலாமா? கேட்கவில்லை.

நவம்பர் 27, புதன்

இடியும் ஆலங்கட்டியுமாக வானம். பின்சுவரில் இருந்த சொல் பயிற்சிச் சீட்டுகளைக் கழற்றினேன். கோயுகியின் சீட்டு. “யாராவது இரக்கப்பட்டுப் பென்சில் கொடுத்தால்...”

மேலே என் பூ வட்டம், அழகாக, ஐந்து இதழோடு. பதினெட்டு வருஷமாக வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். பொருளைப் பார், பொருளைப் பார் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு வரி. ஒரே ஒரு வரியை ஒழுங்காகப் படிக்கத் துப்பில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பெற்றோர் சந்திப்பு. கோயுகியின் அம்மா வந்தார். அந்த வகுப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“எங்க வீட்டுல தினமும் யோஹெய் பஞ்சாயத்துதான் சார். அப்பா நன்றிங்கறாரு, இவ கோபங்கறா. சாப்பிடும்போதும் அதேதான். நேத்து குளிச்சுக்கிட்டிருந்த அப்பாகிட்டக் கதவுக்கு வெளிய நின்னு வாசிச்சுக் காட்டறா. அவரும் விடல, உள்ள இருந்தே ‘அது இல்ல, அது இல்ல’ன்னு கத்தறாரு.”

“கோயுகி என்ன செஞ்சா?”

“என்ன செய்வா? சந்தோஷமா சண்டை போடறா.”

போகும்போது கதவருகே நின்று, “ஏதோ காந்தம் ஒண்ணு எடுத்துட்டு வந்துட்டாளாமே? எங்க ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. பள்ளிக்கூடத்துப் பொருள்தானே, நாளைக்கே கொண்டு போன்னு சொல்லட்டுமா?” என்றார்.

“வேண்டாம், அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப கொண்டுவரட்டும்” என்றேன். இந்த ஒரு தடவையாவது சும்மா இருக்க வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

இன்று கவிதைப் பாடம் தொடங்க வேண்டிய நாள். புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் டைகோ எழுந்தான்.

“சார், யோஹெய் விஷயம் முடியல.”

“அதெல்லாம் முடிஞ்சாச்சு.”

“முடியல! எல்லாரும் பொய்யா ஒட்டினது செல்லாது. மறுபடி ஒட்டணும்.”

ரிட்சுவும் எழுந்தாள். “ஆமா சார். நான் மாறிட்டேன்னு சொன்னேன், ஆனா மாறவே இல்ல.” சொல்லிவிட்டுக் கோயுகி பக்கம் திரும்பித் தலை குனிந்தாள்.

சரி என்று ‘நன்றி’, ‘கோபம்’ என எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஒட்டினார்கள். பெரும்பாலும் நன்றி. கோபம் பக்கம், யாரும் எதிர்பாராமல், கடைசி வரிசைப் பையன்கள் இரண்டு பேர். கோயுகி உட்கார்ந்தே இருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன்.

பென்சில் பெட்டியைத் திறக்கும் சத்தம். வில்லையை எடுத்துக்கொண்டு வந்தாள். கோபம் பக்கம் நடுவில் அழுத்தி ஒட்டினாள். திரும்பி வகுப்பைப் பார்த்து, “கோபம்தான். திரும்பிப் பாக்கலையே” என்றாள்.

டைகோ என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“அது இல்ல!” என்றான் டைகோ, தனியாக. அப்புறம் மொத்த வகுப்பும்:

“அது இல்ல!”

வெளியே வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நொமொட்டோ டீச்சர் நின்று எட்டிப் பார்த்தார்.

கோயுகி உட்காரவில்லை. “எந்த வரி? காட்டு!”

டைகோ பக்கத்தைப் புரட்டினான். “புதுக் கயிறு! இங்க இருக்கு. கோபத்துல எவனாவது பிடிக்குப் புதுக் கயிறு சுத்திக் கொடுப்பானா?”

“கொடுப்பான். எங்கப்பா கோபம் வந்தா வீட்டையே துடைப்பாரு.”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். ரிட்சு ஏதோ சொல்ல, கடைசி வரிசை ஏதோ சொல்ல, நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பொறுப்புப் பிள்ளைகள் கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலில் காத்து நின்றார்கள்.

யோஹெய்க்கு நன்றியா கோபமா என்று முடிவாகவில்லை. கையேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

முதல் பனி, கணுக்கால் வரை. காலை அகராதிப் பயிற்சியில் ரிட்சு ஒரு சொல்லுக்குத் தப்பாகப் பொருள் சொன்னாள். “அது இல்ல!” என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். அதில் ஒரு குரலின் வால் மட்டும் மேலே ஏறியது.